பதினொரு பேரும் வந்திட்டினமோ?

இன்று காலை ஒன்பது மணிக்கு உன் தொலைபேசி என் மேசை லாச்சிக்குள் கூவியது. அழைப்பு இல்லை, அலாரம். நீ வைத்துவிட்டுப் போன அதே சேவல். மொன்றியலின் புவாண்ட்-கிளேர் அலுவலகத்தின் ஆறாம் மாடியில் சேவல் கூவினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்தானே. "திரும்பவும் கோழிக்கூடா?" என்று பக்கத்து மேசைக்காரி பிரெஞ்சில் கேட்டாள். தொலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன். இந்தக் கட்டடத்தில் எந்தச் சன்னலும் திறக்காது. காற்று வருகிற ஒரே இடம் அந்தப் படிக்கட்டுத்தான்.

மச்சான், எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. நீ செத்து நான்கு மாதமாகப் போகிறது. அதில் முதல் எட்டுக் கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், நான் உன்னைச் சாகவிடவில்லை. முதலில் அதை எழுத வேண்டும். இன்று நடந்தது அதற்குப் பிறகு.

குழுவுக்குள் என்னை இழுத்தது நீ. ஆறு பேர், ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை, ஆறிப்போன கோப்பி. ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையில் ஒரு மலைக்கிராமத்துப் பெண்கள் பதினொரு பேர் கூட்டாகப் பயிர் செய்யும் நிலத்துக்கு உதவி செய்கிறோம் என்றாய். நிலம் அவர்களுடையது. ஆனால் வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே வேலி, வேலியில் ஓர் இரும்புப் படலை, படலையில் படையினர். திறக்கிற நாட்களில் காலையில் அரை மணி, பின்னேரம் நான்கு மணிக்கு அரை மணி. காலையில் உள்ளே போனால் பின்னேரம்தான் வெளியே வரலாம். பல நாட்கள் திறப்பதே இல்லை.

"இதில என்னடா உனக்கு இவ்வளவு அக்கறை?" என்று கேட்டேன்.

"எங்கட அம்மாவும் மன்னாரில ஆமியிட்ட பாஸ் எடுத்துத்தான் வயலுக்குப் போனவ," என்றாய். படிக்கிற காலத்தில் லெபனான்காரரின் வெதுப்பகத்தில் ரொட்டி விற்றுப் பழகிய அரபு உன்னிடம் இருந்தது. என்னிடம் நீர்க்குழாய்ப் பொறியியல் இருந்தது. அது போதும் என்று இருவரும் நினைத்தோம்.

முதல் காணொளி அழைப்பு ஞாபகம் இருக்கிறதா? நான் இரண்டு மாதம் வரைந்த திட்டத்தைக் காட்டினேன். மண்ணுக்குள் சென்சர், சூரிய ஒளியில் ஓடும் வால்வு, ஈரம் குறைந்தால் தானாகவே தண்ணீர். அந்தப் பெண்களின் தலைவியை எல்லாரும் உம் சாலே, சாலேயின் தாய், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ சிரிக்கத் தொடங்கிவிட்டாய்.

"மச்சான், இது பழுதானா ஆர் திருத்துறது எண்டு கேக்கிறா. நீ வருவியோ?"

"அங்க ஒரு டெக்னீசியன் இருப்பான்தானே?"

"அவனுக்கு ஆர் பாஸ் குடுக்கிறது?"

அவருக்கு வேண்டியது மெருகு பூசாத மண்பானைகள். கழுத்துவரை மண்ணில் புதைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் பானை மெல்ல மெல்லக் கசியும். படலை மூன்று நாள் பூட்டியிருந்தாலும் வேர் குடித்துக்கொண்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. நாலு வருசம் படிச்சுப்போட்டுப் பானை புதைக்கிறதோ என்று கத்தினேன். நீ கையை உயர்த்தி, "இஸ்தன்னா" என்றாய். பொறு என்பதற்கான அரபு. அதன் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை விட அந்தச் சொல்லால் கூப்பிட்டதுதான் அதிகம்.

பொறுத்தேன். போன குளிர்காலத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உன் வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு பூச்சட்டிகளை வாயோடு வாய் ஒட்டி, பிளாஸ்டிக் தொட்டி மண்ணுக்குள் புதைத்து, தினமும் குச்சி விட்டுத் தண்ணீர் மட்டம் அளந்தேன். "இவன் வீட்டுக்குள்ள சவக்காலை கட்டுறான் எண்டு அம்மா பயப்பிடுறா," என்றாய். ஈரம் ஒரு சாணுக்கு மேல் பரவவில்லை. நாற்றுகளை நான் நினைத்ததை விட நெருக்கமாக நட வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பானை இடைவெளி வரைபடம்தான் நான் வரைந்தவற்றிலேயே உருப்படியானது. உன்னிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வருடத்துக்கு நக்கலடித்திருப்பாய்.

அந்த நாட்களில்தான் ஒரு பெண் கால் பிசகி, படலை பூட்டுமுன் வந்துசேர முடியாமல் விடியும்வரை ஒலிவ மரங்களுக்குக் கீழே கிடந்தாள். அடுத்த நாளே நீ அலாரம் வைத்தாய். அங்கே நான்கு மணி என்றால் இங்கே ஒன்பது. சேவல் கூவியதும் குரல்செய்தி அனுப்புவாய்: எல்லாரும் வெளியால வந்திட்டினமோ? ஒன்பதரைக்குள் உம் சாலே ஒரே சொல்லில் பதில் அனுப்புவார். "இஹ்தாஷ்." பதினொன்று. அதை எனக்குப் போட்டுக் காட்டுவாய். "பார், உன்ர சென்சர் இதுதான்."

பிறகு மாசி மாதம். முப்பத்தொரு வயது. வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது விழுந்தாய். அவ்வளவுதான்.

செத்தவீட்டில் உன் அம்மா இந்தத் தொலைபேசியை என் கையில் வைத்தார். "தம்பி, இதில அந்தப் பிள்ளையள் எடுப்பினம். செத்தவீடு ஆள் போய்த்தான் சொல்ல வேணும். அவ்வளவு தூரம் போகேலாது. வாயாலயாவது சொல்லு. எழுதி அனுப்பிப் போடாத."

"ஓம் அம்மா," என்றேன்.

அடுத்த நாள் காலை சேவல் கூவியது. கூடவே உம் சாலேயின் செய்தி: பானைகள் சுட்டு வந்துவிட்டன, ஒன்றுக்கும் மற்றதற்கும் எவ்வளவு இடைவெளி? எனக்கு விடை தெரிந்த கேள்வி. மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டெழுதி அனுப்பினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: தொண்டை கட்டிவிட்டது, சில நாள் எழுதித்தான் அனுப்புவேன். கீழே உன் பெயர்.

எனக்கு நானே ஒரு நியாயம் சொன்னேன். பயிரில்லாமல் கிடக்கும் நிலம் சுலபமாகப் பறிபோகும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். உன் சொல்லை நம்பித்தான் இந்த வேலையில் இறங்கினார்கள். நடுகை முடியட்டும், பேந்து சொல்லலாம். அது வெறும் சாட்டு. உண்மை என்னவென்றால் அந்த வசனத்தை என் வாயால் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

ஒரு பொய்க்கு அடுத்த பொய் தேவைப்பட்டது. மூன்றாம் கிழமை, வைத்தியர் கதைக்க வேண்டாம் என்றார். ஐந்தாம் கிழமை, மருந்து மாற்றியிருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் குரல் அனுப்பினார்கள்: இதைக் குடி, அதைப் பூசு. தினமும் ஒன்பது மணிக்கு நீ கேட்டாய், படலை திறந்த நாளெல்லாம் அவர்கள் பதினொன்று என்றார்கள். நான் உனக்குள் மாட்டிக்கொண்டு இருந்தேன். வெளியே வர எந்த நேரமும் சரியாகப் படவில்லை.

சித்திரையில் ஒரு பார்சல் வந்தது. அங்கிருந்து மொன்றியல் வந்த யாரோ உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த நிலத்தில் விளைந்த காட்டுத்துளசியும் தைம் இலையும், காயவைத்து, துணிப்பையில் தைத்து. சவக்காலையில் படுத்திருப்பவனின் தொண்டைக்கு மருந்து. ஆனால் அம்மா வேறு விதமாக விளங்கிக்கொண்டார்.

"பார் தம்பி, செத்தவீட்டுக்கு எண்டு அனுப்பியிருக்குதுகள். நான் நன்றி சொல்ல வேணும். ஞாயிறு பூசை முடிய அழைப்பை எடு."

வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? எடுத்தேன். பேஸ்மென்ட்டில், அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில். திரையில் உம் சாலே. அருகே அவருடைய மகள் ரீமா. பள்ளியில் ஆங்கிலம் படிப்பிப்பவள், மொழிபெயர்க்க வந்தாள். உம் சாலே அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ கேட்டார். மகனின் தொண்டை எப்படி, இலையை அவித்துக் குடித்தானா என்று ரீமா சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"பார்சல் கிடைச்சதோ எண்டு கேக்கினம்."

"கிடைச்சது எண்டு சொல்லு. முப்பத்தோராம் நாள் பூசைக்கும் அவையளை நினைச்சு மன்றாடினனான் எண்டு சொல்லு."

"பார்சல் கிடைத்தது, நன்றி என்கிறார்," என்று ரீமாவிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டு பக்கமும் இரண்டு தாய்மார் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நான் அந்த இரும்புப் படலை. எனக்கு வசதியானதை மட்டும் விட்டேன்.

அப்போது அம்மா கைப்பையைத் திறந்து உன் நினைவு அட்டையை எடுத்தார். உன் படம், சிலுவை, இரண்டு தேதிகள். எல்லா உறவுக்கும் கொடுத்ததை இவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இரண்டு கையாலும் கமராவுக்கு நேரே பிடித்தார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. உம் சாலே திரைக்குக் கிட்ட வந்தார். ரீமா வாயைப் பொத்தினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அப்படியானால் எங்களுக்கு எழுதியது யார்?"

நான் குனிந்தேன். உம் சாலே சொன்னதை அவள் ஒரு சொல் விடாமல் சொன்னாள். "எட்டுக் கிழமையாக ஒரு பகிடிகூட வரவில்லை. தொண்டை வருத்தம் முற்றிவிட்டது என்று நினைத்து நாங்கள் பதினொரு பேரும் அழுதோம். நீ பார்த்துக்கொண்டு இருந்தாயா?" அழைப்பு நின்றது.

"அப்ப நீ சொல்லேல்லையோ?" என்றார் அம்மா.

"இல்லை அம்மா."

"என்ர பிள்ளையை ஏன் சாகவிடாமல் வச்சிருந்தனி?"

அவர் மேலே போய்க் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு கோப்பை. "அனுப்பினதைக் குடிக்காமல் வச்சிருக்கக் கூடாது. குடி. நாளைக்கு உன்ர குரலில சொல்லு." கைத்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அடுத்த நாள் என் குரலில் சொன்னேன். நான் யார், நீ எப்படிச் செத்தாய், நான் என்ன செய்தேன். பதில் இல்லை. அதன் பிறகு தினமும் ஒன்பது மணிக்கு உன் கேள்வியை என் மோசமான அரபில் கேட்டேன். பதில் இல்லை. வேலைக்கான செய்திகளை மட்டும் ரீமா அனுப்பினாள்: ஏழாவது பானையில் வெடிப்பு, தக்காளி பூத்துவிட்டது. ஒரு நாள்கூட அவர்கள் வேலையை நிறுத்தவில்லை, மச்சான். நீ இல்லை என்று தெரிந்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று நினைத்தேனே, ஒரு நாற்றுக்கூடச் சரியவில்லை. ஆனால் அவர்கள் வெளியே வந்தார்களா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஏழு கிழமை, ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை, திறக்காத சன்னலுக்கு முன்னால் இருந்தேன். விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அங்கே போகவும் முடியாது.

இன்று படிக்கட்டில் நின்று கேட்டேன். ஒன்பது இருபது, ஒன்றும் இல்லை. ஒன்பது இருபத்தேழுக்குத் தொலைபேசி அதிர்ந்தது. உம் சாலேயின் குரல்.

"அஷரா."

பத்து.

யாரைக் காணவில்லை, எங்கே, ஏன் என்று படபடவென்று அனுப்பினேன். உள்ளே ஓடிக் கணினியில் ரீமாவைப் பிடிக்கலாம் என்று திரும்பினால் கதவு திறக்கவில்லை. கதவைத் திறக்கும் அலுவலக அட்டையை லாச்சிக்குள் விட்டுவிட்டேன். அந்தப் படிக்கட்டின் கதவுகள் கீழ்த்தளத்தில் மட்டும்தான் அட்டையில்லாமல் திறக்கும். கைபிடியை உலுக்கிக்கொண்டு நின்றேன். மறுபடி அதிர்ந்தது.

"இஸ்தன்னா."

உன் சொல், அவருடைய வாயிலிருந்து. படியில் இருந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. உன்னோடு இருந்த காலத்தில் ஒரு தடவைகூட நான் ஒழுங்காகப் பொறுத்ததில்லை. ஒன்பது இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

"இஹ்தாஷ்."

பின்னால் பெண்களின் சிரிப்பு. யாரோ யாரையோ ஏசுகிற சத்தம். படலை இழுபடும் இரும்பு ஓசை. பிறகு ரீமா எழுதினாள்: ஒருத்தி ஒரு பானையை நிரப்ப மறந்து, பாதி வழியிலிருந்து திரும்பிப் போயிருக்கிறாள்.

ஆறு மாடியும் இறங்கி, வெளியே வந்து, முன்வாசலால் மறுபடி உள்ளே போனேன். அலாரத்தை நான் நிறுத்தவில்லை, மச்சான். சேவலையும் மாற்றவில்லை. நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் கேட்க வேண்டும்.