கையிருப்பு ஏறுமுகம்

நவம்பர் 30, 2091. காலை 8.00
நிலத்தடி டீசல் கிடங்கு 4. பதிவு: எஸ்கலின், பொறுப்புப் பொறியாளர்.
மாதக் கணக்கு. நாட்டில் சுத்திகரிப்பு குறைவு, விற்பனை கூடுதல். என் கிடங்கின் கையிருப்பும் கூடுதல். ஐந்து மாதமாக ஒரு கப்பலும் வராத கிடங்கில் சரக்கு எப்படி ஏறும்? பாறைக்குகைக்குள் ஊறும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்ப் பழுது. டீசல் அந்தத் தண்ணீர் மேல் மிதக்கிறது. மட்டமானி மேல்மட்டத்தை மட்டும் காட்டுகிறது. தலைமையகத்தின் கணிப்பு இயந்திரத்துக்கு மட்டம் ஏறினால் சரக்கு ஏறியது என்று அர்த்தம். புது பம்ப் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 1. காலை 10.15
தலைமையகத்தில் என் கிடங்கின் கணக்கைப் பார்க்கும் விபுலனின் பதில்:
"மேடம், கிராஃப் ஏறிட்டுத்தான இருக்கு? இறங்குச்சுன்னா சொல்லுங்க, பம்ப்புக்கு ஃபைல் போடலாம்."
அளவு நாடாவில் வாட்டர் பேஸ்ட் தடவி இறக்கினேன். தண்ணீர் பட்ட இடம் சிவக்கும். நாடாவில் பெரும்பகுதி சிவப்பு. படமெடுத்து அனுப்பினேன். 'போக்குக்குப் பொருந்தாத தரவு' என்று இயந்திரம் ஒதுக்கிவிட்டது. என் கையால் அளந்ததை ஒரு பெட்டி ஒதுக்குகிறது.

டிசம்பர் 3. பகல் 1.40
புயல் எச்சரிக்கை. கையிருப்பு ஏறியதைக் காரணம் காட்டி, பக்கத்து ஊரான சங்குமுனைக்கு வரவேண்டிய டீசல் கப்பலை வெளிநாட்டுக்கு விற்றுவிட்டார்களாம். சங்குமுனை ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு இனி என் கிடங்குதான் கதி. என் தங்கை ரெக்சியின் குறைமாதக் குழந்தை அங்கே இன்குபேட்டரில் இருக்கிறது. தலைமையகத்துக்காரர்களை என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

டிசம்பர் 4. காலை 11.05
சங்குமுனையில் கரண்ட் இல்லை. லாரிகள் வந்து மேலே நிற்கின்றன. டிரைவர் மரியசூசை போனில்:
"யக்கா, குழாய்ல தண்ணிதான் வருது. டீசல் வாடகூட இல்ல. ஆஸ்பத்திரி பேட்டரி சாயங்காலம் வரைக்குந்தான் தாங்குமாம்."
டீசல் இருக்கிறது. உறிஞ்சும் குழாயின் வாய்தான் அடியில், தண்ணீருக்குள் முங்கிவிட்டது. வழி ஒன்றுதான். கடல்நீர் வால்வைத் திறந்து குகையை நிரப்பினால் டீசல் மேலேறி, குகைக்கூரையில் இருக்கும் மேல்வாய் வழியாக லாரிகளுக்கு வரும். வால்வைத் திறக்கச் சொல்லி விபுலனிடம் கெஞ்சினேன்.
"ஏற்கனவே நிறைஞ்ச கிடங்குல இன்னும் எப்படி மேடம் ஊத்துறது? சிஸ்டம் ஒத்துக்காது."
வால்வுக்குக் கைச்சக்கரம் உண்டு. கீழ்ச்சுரங்கத்தில் இருக்கிறது. போகிறேன்.

பகல் 12.30
திறந்துவிட்டேன். குகை நிரம்புகிறது. ஆனால் வால்வின் உறையும் பிளந்துவிட்டது. மாற்றச் சொல்லி எத்தனை முறை எழுதினேன். சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்ததும் பாதுகாப்புக் கதவு தானாக மூடிக்கொண்டது. தலைமையகம்தான் திறக்க வேண்டும். விபுலனை அழைத்தேன்.
"எமர்ஜென்சி டிக்கெட் போட்டுட்டேன் மேடம். வரிசைல இருக்கு."
வரிசையில் இருக்கிறதாம். நாசமாய்ப் போக.

பகல் 2.20
தண்ணீர் இடுப்பளவு.
"யக்கா, டீசல் வருது. மொத லாரி கெளம்பிருச்சு. நீங்க மேல வந்துருங்க."
வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். மாட்டிக்கொண்டது தெரிந்தால் லாரியை விட்டுவிட்டுக் கதவை உடைக்க வருவான். அது உடையாது.

மாலை 4.10
கழுத்தளவு. பதிவுக் கருவியைத் தலைக்கு மேல் பிடித்துப் பதிகிறேன். பயமாக இருக்கிறது. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம்.
"யக்கா, ஆஸ்பத்திரியில லைட்டு வந்துருச்சாம். ஒங்க தங்கச்சி அழுவுறாங்களாம். யக்கா, எங்க இருக்கீங்க?"
இந்தப் பதிவைப் படிப்பவருக்கு: மாதக் கணக்கை நம்பாதீர்கள். லாரிகள் போனபின் இங்கே மிஞ்சப்போவது கடல்நீர். நாடாவை இறக்கிப் பாருங்கள். பேஸ்ட் மேசை இழுப்பறையில், இடது பக்

டிசம்பர் 31. தானியங்கிப் பதிவு
கிடங்கு 4. கையிருப்பு: இதுவரை காணாத உச்சம். போக்கு: ஏறுமுகம்.
பம்ப் கோரிக்கை: தேவையில்லை. முடிக்கப்பட்டது.
சங்குமுனைக்கு அடுத்த கப்பல்: ரத்து.
பொறுப்புப் பொறியாளர்: அனுமதியின்றி விடுப்பு.