மோட்டார் கொட்டகையில் பேசினேன்

கரையாம்புத்தூர்,
ஞாயிறு

தேன்மொழிக்கு,

உன் அம்மா வீட்டுக்குப் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பாண்டி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றாய். அங்கே ஓ.பி. சீட்டு எழுதுகிறவள் நம் ஊர்க்காரி, எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றாய். வீட்டிலிருந்தே பேசலாமே என்றுதான் போனில் வீடியோ காலில் பேசுகிற அந்த மனநல ஆலோசகரைத் தேடிப் பிடித்தேன். பிரான்ஸிலிருந்து சித்தப்பா வீடியோ காலில் வந்தாலே நம் வீடு கூடிவிடும், இதற்கும் அப்படித்தான் கூடும் என்பதை மறந்துவிட்டேன். என் அம்மா உன் கையிலிருந்து போனை வாங்கி, "இன்னா கண்ணு, சாப்ட்டியா? எங்க மருமவளுக்கு ஒண்ணும் இல்லமா, வெசனந்தான்" என்றாள். "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று அந்த ஆலோசகரம்மா கேட்டார். ஐந்து பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நல்லாதான் இருக்கேங்க" என்றாய். நானும் இளித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நம் குழந்தை போன பிறகும், தொட்டில் கட்டியிருந்த கொக்கியை இன்னும் கழற்றவில்லை. கழற்றலாமா என்று யாரைக் கேட்பது?

இந்த வாரமும் நமக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகைக்குப் போய் அந்த ஆலோசகரம்மாவிடம் நானே போனில் பேசினேன். உனக்கு நேரில் பார்ப்பது நல்லதா, போனே போதுமா என்று கேட்டேன். "அத அவங்கதான் சொல்லணும்" என்றார். பிறகு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார்.

பக்கத்தில் ஒருவரும் இல்லை, தேன்மொழி. அப்படியும், "நல்லாதான் இருக்கேங்க" என்றேன்.

உன் வீட்டுக்காரன்