கால் மாத்திரை

பழவேற்காடு
21.1.2024

அன்புள்ள மாமாவுக்குக் கவி எழுதுவது.

நானும் உள்ளே இருப்பதும் நன்றாகத்தான் இருக்கிறோம். அது ஒரு நிமிஷம் சும்மா கிடப்பதில்லை, எல்லாம் உங்கள் புத்தி. அம்மா வேளைக்கு ஒரு மீன் குழம்பு வைத்து என்னைத் தின்னவைத்தே கொல்கிறாள். வளைகாப்புக்குப் போட்ட வளையல்கள் கையில் இப்போதே இறுக ஆரம்பித்துவிட்டன.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே ஒரே அறை. நான் போனைக் காதில் வைத்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். "மாப்ள இன்னா சொல்றாரு?" என்று நடுவில் நடுவில் கேட்கிறாள். தம்பி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறான். இதில் உங்களிடம் நான் என்னத்தைப் பேசுவது? பச்சையம்மா அத்தை தினமும் இறால் கூடையோடு புதுவாயல் கூட்டுரோட்டுக்கு வருகிறாள். நீங்கள் கவரைப்பேட்டையிலிருந்து கம்பெனிக்குப் போகும்போது அவளைப் பார்க்கலாம். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அது ஒரு வசதி.

நான் வெட்டிவைத்துவிட்டு வந்த மாத்திரை தீர்ந்திருக்குமே. நீங்களே வெட்டுகிறேன் என்று உட்காராதீர்கள். கம்பெனி பிரஸ் மெஷினில் நசுங்கின கட்டைவிரலை வைத்துக்கொண்டு பிளேடைப் பிடிக்க முடியாது. ஒரு தடவை வெட்டி எல்லாம் மாவாகப் போனதே, நினைவிருக்கிறதா? புது அட்டையை அத்தையிடம் கொடுங்கள். நான் வழக்கம்போல நாலு நாலாக வெட்டி அனுப்புகிறேன். உங்கள் அம்மா கண்ணில் காட்டிவிடாதீர்கள். மகன் முடிக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரிந்தால் அன்றைக்கே உங்கள் அக்கா மோனிகா அண்ணிக்குப் போன் போய்விடும், பிறகு ஊர் முழுக்கத் தெரியும்.

என்னை ஒரு தடவையாவது வந்து பார்க்கத் தோன்றவில்லையா? ஓ.டி., ஓ.டி. என்று சொல்லாதீர்கள்.

உங்கள்
கவி


கவரைப்பேட்டை
25.1.2024

என் கவிக்கு,

உன் கடிதத்தைக் கம்பெனி பஸ்ஸில் வைத்தே படித்தேன். பாக்கியராஜ் எட்டிப் பார்த்தான், மடித்துவிட்டேன். இறால் வாசம் வீசுகிறது உன் கடிதம்.

ஓ.டி. என்று சொல்லக் கூடாது என்கிறாய். சரி, சொல்லவில்லை. பிரசவத்துக்கு லீவு சேர்க்கிறேன், போதுமா?

நேற்று ஹெல்மெட்டைக் கழற்றியபோது பாக்கியராஜ், "இன்னாடா சசி, ஏர்போர்ட்ல நாத்து நட்டுட்டியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இதே ஆள் என் தலையைப் பார்த்துப் பேசின பேச்சுக்கு நான் கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட காலம் உண்டு. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று தொப்பியைக் கழற்றலாமா வேண்டாமா என்று வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். மெடிக்கல்காரர் அன்றைக்கு அந்த யோசனையைச் சொல்லாவிட்டால் இன்றைக்கும் அப்படித்தான். முடிக்கென்று தனியாக வருகிற சின்ன மாத்திரை விலை கூட, வயசானவர்கள் நீர் போகாததற்குச் சாப்பிடும் பெரிய மாத்திரையிலும் அதே மருந்துதான், வெட்டிச் சாப்பிடு என்றார். நல்ல மனுஷன்.

இரண்டு அட்டை அத்தையிடம் கொடுத்திருக்கிறேன்.

அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் சிறுவாபுரி போய் வருகிறாள். பேரன்தான் வேண்டுமாம். முருகனிடம் கேட்கிற மாதிரி இல்லை, அதட்டுகிற மாதிரி இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சசி


பழவேற்காடு
29.1.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வெட்டியாகிவிட்டது. மாத்திரை டப்பாவை இறாலுக்கு அடியில் வைக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். என்ன மாத்திரை என்று கேட்டாள். சத்து மாத்திரை என்றேன். "எங்க ஊட்டாருக்கும் ஒண்ணு குடேன்" என்கிறாள்.

இந்தத் தடவை மாத்திரை ரொம்பக் காய்ந்திருக்கிறது போல. பிளேடு வைத்ததும் தூள் பறக்கிறது. விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. புடவையில் துடைத்துக்கொண்டு தட்டில் இருந்ததை வழித்து உங்களுக்கே போட்டுவிட்டேன், வீணாக்குவானேன்.

வயிறு கூம்பினாற்போல் இருப்பதால் பையன்தான் என்று குப்பத்துப் பெண்கள் எல்லாம் முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், முருகனுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கட்டும்.

உங்கள்
கவி


கவரைப்பேட்டை
8.2.2024

கவி,

இனிமேல் மாத்திரை வெட்ட வேண்டாம். உன்னிடம் மீதி ஏதாவது இருந்தால் தொடாமல் ஒரு கவரில் தள்ளிக் கட்டி அத்தையிடம் கொடுத்துவிடு. அந்தப் பிளேடையும் தட்டையும் தூக்கிப் போட்டுவிடு. கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவு. அந்தப் புடவையையும் துவைத்துவிடு.

முடி விஷயம் போதும் என்று தோன்றிவிட்டது. வேறொன்றும் இல்லை.

சசி


பழவேற்காடு
10.2.2024

மாமாவுக்கு,

இது என்ன கடிதம்? சௌக்கியமா என்று ஒரு வார்த்தை இல்லை. "வேறொன்றும் இல்லை" என்று எழுதினால் வேறு என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

தினமும் கண்ணாடி முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிற ஆளுக்குத் திடீரென்று முடி போதுமாம். தட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள். அது அம்மாவின் சில்வர் தட்டு, அதில்தான் தம்பி இட்லி சாப்பிடுகிறான். நான் வெட்டியதில் பிடிக்காதது என்ன? என் கையில் என்ன அழுக்கு? போனில் சொல்ல முடியாததை எழுதத்தானே இந்தக் கடிதமே. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. ஒழுங்காக எழுதுங்கள்.

கவி


கவரைப்பேட்டை
13.2.2024

என் கவிக்கு,

உன் கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. அப்படி நினைத்துவிட்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இது நாலாவது. உட்கார்ந்துகொண்டு படி.

மெடிக்கலில் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். டாக்டர் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரை தர மாட்டேன் என்றாள். சரி, ஒரு சீட்டு வாங்கிவிடலாம் என்று திருவள்ளூரில் தோல் டாக்டரிடம் போனேன். வயசான அம்மா, பொறுமையாகப் பேசினார். எப்படிச் சாப்பிடுகிறாய் என்றார். பெருமையாகச் சொன்னேன், என் வொய்ஃப் நாலாக வெட்டித் தருவாள் என்று. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க மாசமா இருக்காங்களா?" என்று கேட்டார்.

கவி, அந்த மாத்திரையை முழுசாகத் தொட்டால் ஒன்றும் இல்லையாம், மேலே பூச்சு இருக்கிறது. உடைத்த மாத்திரையை, அந்தத் தூளை, மாசமாக இருக்கிறவர்கள் தொடவே கூடாதாம். முடியைக் கொட்டவைக்கிற ஏதோ ஒன்றை அது உடம்பில் தடுக்கிறது. வயிற்றில் ஆண் பிள்ளை இருந்தால் அதற்கு ஆண் உறுப்பு உருவாக அதே ஒன்றுதான் வேண்டுமாம். முதல் மூன்று நாலு மாசம்தான் முக்கியம் என்றார். பெண் பிள்ளையாக இருந்தால் கவலையே இல்லை.

கையில் ஒட்டினதில் உள்ளே போவது ரொம்பக் கொஞ்சம், பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் சொன்னார். ஒன்றும் ஆகாது என்று உறுதியாகச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "அத யாராலயும் சொல்ல முடியாதுப்பா, பொறக்கட்டும்" என்றார்.

மெடிக்கல்காரரிடம் சண்டைக்குப் போனேன். "எல்லாருக்கும் சொல்றதத்தான் உனுக்கும் சொன்னேன், உன் ஊட்டுக்காரி வெட்டுவான்னு எனுக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் கேட்பதும் சரிதான். அட்டையை மட்டும்தான் வாங்கினேன், அதில் படிக்க என்ன இருந்தது?

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, கவி. ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

சசி


பழவேற்காடு
22.2.2024

மாமாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியனுப்பினேன். கோபத்தில் இல்லை. உங்களைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அழுதால் அம்மா கேட்பாள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நாள் தள்ளின மாசம் வெட்டினேன். வாந்தி எடுத்துக்கொண்டே வெட்டினேன். ஒரு நாள் இவ்வளவு கசக்குமா என்று நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தேன், உங்களிடம் சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். நமக்குள் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, டிவியைப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை. அதனால்தான் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

நேற்றுப் பொன்னேரியில் ஸ்கேன். உங்கள் அம்மாவும் கிளம்பி வந்துவிட்டார், உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் படுத்திருக்கும்போது டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன், பையனா பெண்ணா என்று மட்டும் சொல்லுங்கள் என்று. அவர் சுவரில் இருக்கிற போர்டைக் காட்டினார். சொல்வது குற்றம் என்று போட்டிருக்கிறது. நான் விடாமல் திரும்பக் கேட்டேன். முகமே மாறிவிட்டது அவருக்கு. "பொண்ணா இருந்தா என்னம்மா பண்ணுவ?" என்றார்.

நான் பெண் வேண்டும் என்று கேட்டேன், மாமா. பெண் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன். என்னைப் பார்த்து அப்படிக் கேட்டுவிட்டார். மாத்திரை கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், திரைக்கு அந்தப் பக்கம் உங்கள் அம்மா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. வாயை மூடிக்கொண்டேன். வளர்ச்சி நன்றாக இருக்கிறது, இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் கேட்டது அது இல்லையே.

வெளியே வந்ததும் உங்கள் அம்மா என் கன்னத்தை வழித்து, "பாரு, என் பேரன் எப்டி ஒதைக்கிறான்" என்றார். சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கவி


கவரைப்பேட்டை
12.3.2024

என் கவிக்கு,

மாத்திரையை நிறுத்திவிட்டேன். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முடி போகட்டும், அதைப் பற்றி இனிமேல் இந்த வீட்டில் பேச்சே கிடையாது.

போனில் தேடித் தேடிப் படிக்கிறேன். ஒருவன் ஒன்றும் ஆகாது என்கிறான், ஒருவன் பயமுறுத்துகிறான். திருவள்ளூர் டாக்டரிடம் இரண்டாவது தடவை போனேன். அவர் போன தடவை சொன்னதையேதான் சொன்னார், பீஸ் மட்டும் வாங்கவில்லை. மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் கழற்றிப் பார்த்துவிடலாம், எங்கே தேய்ந்திருக்கிறது என்று கை வைத்துச் சொல்லிவிடுவேன். இதில் எங்கே கை வைப்பது?

போன செவ்வாய் அம்மா என்னையும் சிறுவாபுரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்று நின்று கால் கடுத்துவிட்டது. சந்நிதிக்கு வந்ததும், "நல்லா வேண்டிக்கடா, ஆம்பளப் புள்ளன்னு சொல்லி வேண்டிக்க" என்றாள். கண்ணை மூடினேன். பெண் பிள்ளை கொடு என்று கேட்கலாமா? உள்ளே இருப்பது எதுவோ அது எப்போதோ ஆகிவிட்டது. இனிமேல் சாமிதான் என்ன செய்யும்? பெண் வேண்டும் என்று கேட்டு, பையனாக இருந்தால், அவனை வேண்டாம் என்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா? ஒன்றும் கேட்காமல் விபூதியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அத்தை என்னைப் பார்த்தாலே, "இன்னாபா, மொகம் ஒரு மாரியா கீது, புள்ள பொறக்கப் போவுது, சிரி" என்கிறாள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயாம், அவள்தான் சொன்னாள். எனக்கு இரண்டு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் சசி


பழவேற்காடு
22.4.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் போன கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை, பிறக்கட்டும் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் பார்த்தபோது அவனைத் துணியில் சுற்றியிருந்தார்கள். உங்கள் அம்மா நர்ஸ் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் ஜாங்கிரி கொடுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கண்ணால் கேட்டீர்கள். எனக்குத் தெரியும், நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னைச் சுற்றி அத்தனை பேர். பிறகு போனிலும் கேட்டீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தாள், நல்லா இருக்கான் என்றேன்.

நல்லாத்தான் இருக்கிறான். பால் குடிக்கிறான், கத்துகிறான், இரண்டு கிலோ எழுநூறு. ஆனால் சிறுநீர் போகிற துவாரம் நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது. குழந்தை டாக்டர் எனக்குத் தனியாகக் காட்டினார். சிறுநீர் தடையில்லாமல் போகிறது, பயப்படாதே, ஒரு வயசு ஆனதும் சின்ன ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். நான் அவரிடம் மாத்திரையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன், மாமா. முதல் தடவையாக ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னேன். எந்த மாத்திரையும் தொடாதவர்கள் வீட்டிலும் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன, உன் கையால் வந்தது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் அவர். ஆபரேஷன் செய்தால் அவனுக்குச் சரியாகிவிடும். எனக்குத்தான் இது கடைசி வரைக்கும் தெரியாது போல.

அம்மாவுக்கு மட்டும் தெரியும், குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டாள். "யாரு கண்ணு பட்டுச்சோ" என்று சுற்றிப் போட்டாள். மற்றவர்கள் யார் தூக்க வந்தாலும் தூங்குகிறான் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறேன். துணி நனைந்தால் நானேதான் மாற்றுகிறேன், சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு.

வெள்ளிக்கிழமை தீட்டுக் கழிக்கிறார்கள். மோனிகா அண்ணிதான் அத்தை முறை, அரைஞாண் கயிறு கட்ட வருகிறாள். வெள்ளியில் வாங்கி வைத்திருக்கிறாளாம். அத்தனை பெண்கள் நடுவில் பிள்ளையை ஒட்டுத்துணி இல்லாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டுவார்கள். பையன் பையன் என்று காத்திருந்தவர்கள், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் அம்மா முன்னால் நிற்பார். அவர் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டும். அண்ணியைக் கட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, என்ன காரணம் சொல்வேன்?

நீங்கள் வியாழக்கிழமையே வந்துவிடுங்கள். லீவு தராவிட்டாலும் வாருங்கள். உங்கள் அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் வாருங்கள். அம்மாவையும் தம்பியையும் நான் வெளியே அனுப்பிவிடுகிறேன். ஒரு கறுப்புக் கயிறு வாங்கி வந்து, கதவைச் சாத்திவிட்டு நீங்களே கட்டுங்கள், கட்டியாகிவிட்டால் மறுநாள் யாரும் அவன் துணியை அவிழ்க்க வேண்டியதில்லை. அப்பா கட்டுகிற முறை இல்லை என்று யாராவது கேட்டால் நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். அவன் எப்படி இருக்கிறானோ அப்படி அவனை முதலில் நீங்கள் பாருங்கள். இத்தனை நாளாக நான் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாமா.

கவி