வராந்தாவில் முடிவான பிள்ளை

என் பிரியமுள்ள வாப்பாவுக்கு,

மவுத்தாகி மண்ணுக்குள் போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். எனக்கு உங்கள்மேல் வருகிறது. கேளுங்கள்.

தம்பி மகள் ஆயிஷாவுக்கு ஆறாம் மாதம் தொடங்கியதுமே பனிக்குடம் உடைந்துவிட்டது. அவள் மாப்பிள்ளை சார்ஜாவில். தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வந்ததும் தம்பி அவரை வராந்தாவுக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த பிள்ளை என்னைப் பார்த்தது.

என் இருபத்து மூன்று வயதில் நானும் இப்படித்தான் கிடந்தேன். என் மாப்பிள்ளையும் அப்போது சவூதியில். நீங்கள்தான் டாக்டரோடு வராந்தாவில் பேசினீர்கள். உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல, தூங்கு" என்றீர்கள். மயக்க ஊசி போட்டார்கள். விழித்தபோது, ஆண் பிள்ளை, இறந்தே பிறந்தது என்றீர்கள். உடம்பு தேறியதும் சீசன் என்று குற்றாலம் கூட்டிப்போய் ரம்புட்டான் உரித்துக் கையில் வைத்தீர்கள். அருவி இரைச்சலில் நான் அழுவது கேட்காது என்றா?

நான் வராந்தாவுக்குப் போய், எதுவானாலும் ஆயிஷாவிடமே சொல்லுங்கள் என்றேன். தம்பிக்குப் பிடிக்கவில்லை.

"லாத்தா, நீ உள்ள போ. நான் பேசுதேன்லா. அவ கேட்டா பயந்துருவா."

"நீயாலே பெறப்போற?" என்றேன். பக்கத்து பெஞ்சில் இருந்த சுரண்டைக்கார அம்மாள் சிரித்துவிட்டாள்.

டாக்டரம்மா உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒளிக்காமல் சொன்னார். பிழைப்பது அரிது. பிழைத்தாலும் மூளை, கண், நுரையீரல் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது. முயல்வதென்றால் பிறக்கும் முன்பே திருநெல்வேலி போக வேண்டும். மாதக்கணக்கில் குழாயும் ஊசியும். இல்லையென்றால் இங்கேயே பெற்று, இருக்கும்வரை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் எதுவும் தப்பில்லை என்றார்.

ஆயிஷா ஒன்றுதான் கேட்டாள். "அதுக்கு வலிக்குமா டாக்டர்?"

வராந்தாவில் நீங்கள் இதைக் கேட்டீர்களா வாப்பா?

மாப்பிள்ளையிடம் போனில் அவளே பேசினாள். அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். இங்கேயே என்று.

பெண் பிள்ளை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவள் நெஞ்சில் கிடந்து பூனைக்குட்டி மாதிரி ஒரு தடவை அழுதது. தம்பி குனிந்து காதில் பாங்கு சொன்னான்; பாதியில் குரல் உடைந்தது. ஆயிஷா நூரா என்று பெயர் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது. உயிரோடு பிறந்து ஒரு தடவை அழுதாலும் அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைத்து, தொழவைத்துத்தானே அடக்குவோம். அப்படியே செய்தார்கள்.

நூராவை அடக்கிய அன்று உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"உன் புள்ளையும் அழுதுச்சுளா. வாப்பா பேரு வச்சுத்தான் அடக்கிட்டு வந்தாக. என்ன பேருன்னு நான் கேக்கல. நீ தாங்கமாட்டேன்னு சொன்னாக."

நான் தாங்கமாட்டேனா? இத்தனை வருஷம் எதைத் தாங்கிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தீர்கள்? என் பிள்ளை அழுதிருக்கிறான். அவன் பெயரை உங்களோடு மண்ணுக்குள் கொண்டுபோய்விட்டீர்கள். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பேன்?

நீங்கள் கெட்டவராக இருந்திருந்தால் எப்போதோ விட்டுத்தொலைத்திருப்பேன். பாசத்தில் செய்தீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

உங்களுக்காக துஆ கேட்பதை நிறுத்தமாட்டேன். ஆனால் மறுமையில் உங்களைப் பார்க்கும்போது, சலாம் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெயரைத்தான் கேட்பேன். நீங்கள் சொல்லும்வரை நகரமாட்டேன்.

கோபம் தீராத உங்கள் மூத்த மகள்,
மைமூன்