மட்டைப் பியானோ

1998 ஆவணி 14, வெள்ளி. மல்லாவி.

தேவாலயத்துப் பியானோவைக் கிழமைக்கு ஒரு நாள் என் மாணவிகளுக்குத் தரலாமா என்று பார்க்க, பாதர் இன்று அவர்களில் ஒருத்தியான வாசுகியை வாசிக்கச் சொன்னார். ஆறு மாதமாக அவள் பழகியது, நான் பெட்டி மட்டையில் பேனையால் கீறிக் கொடுத்த பியானோக் கட்டைகளில்தான். அவள் தொடத் தொட, சுரத்தை நான் பாடுவேன்.

விரல்கள் ஓடின. சத்தமே வரவில்லை.

“என்ன பிள்ளை, பியானோவைத் தடவி நித்திரையாக்கிறியோ?” என்று பாதர் சிரித்தார்.

“பலமா அமத்தினாக் கிழிஞ்சிடும் எண்டு டீச்சர்தான் சொன்னவா” என்றாள் வாசுகி.

பாதர் மூடியைச் சாத்தினார். “பிறகு பாப்பம் டீச்சர்.”

“ஓம் பாதர்” என்றேன். பட்டம் பெற்ற என் வாயில் வந்தது அவ்வளவுதான். வாசுகியைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் அவள் வீட்டில் விட்டேன்.

அவள் ஒரு கட்டையையும் பிழையாகத் தொடவில்லை. முழுப்பாட்டும் எனக்குக் கேட்டது. எனக்கு மட்டும்தான். அதை அவளிடமாவது சொல்லியிருக்கலாம். இந்த அறையில் இப்போது யாரிடம் சொல்வது?

கட்டிலுக்குக் கீழே ஒரு முதிரை மரப் பலகை கிடக்கிறது. நாளைக்கு அதில் கட்டைகளைக் கீறுவேன். பலகை என்றால் அவள் பயப்படாமல் அடிப்பாள். பாதரிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டியது நான்தான்.