பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ்

என் அன்பு வாயாடிக்கு,

உன் முரடன் எழுதிக்கொள்வது. நீயும் வயிற்றில் இருப்பவரும் சுகமா? போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். ஆங்கிலப் பரீட்சையில் பெயிலாகிவிட்டேனடி. அதில் பாஸாகாமல் உன்னிடம் வர விசா இல்லை. மறுபடி எழுத மூன்று மாதம் பொறுக்க வேண்டுமாம். உனக்கோ அடுத்த மாதமே பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

உன் தங்கையைத் திட்டாதே. பாவம், தினமும் சாயங்காலம் வந்து இந்த இணைப்புச் சொற்களோடு மல்லுக்கட்டினாள். இரண்டு வாக்கியத்தைக் கொடுத்து ஒன்றாக்கு என்கிறார்கள். இரும்பாக இருந்தால் நொடியில் பற்றவைத்துவிடுவேன், இது ஒட்டவே மாட்டேன் என்கிறது. 'ஆல்தோ' என்று ஆரம்பித்தால் நடுவில் 'பட்' போடக் கூடாதாம். என் கை போட்டுத் தொலைக்கிறது. "ஒண்ணு போதும் அத்தான், ரெண்டு வேணாம்" என்று தலையில் அடித்துக்கொள்வாள். 'அன்லெஸ்' மட்டும் ஒரே நாளில் ஏறிவிட்டது. "நீங்க பாஸ் பண்ணலேன்னா அக்காகிட்ட போக முடியாது, இதான் அன்லெஸ்" என்றாள். அப்புறம் மறக்குமா?

கெடுத்தது நான்தான். வேலை நேரத்திலும் படிக்கலாமே என்று, அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை வெல்டிங் முகமூடிக்குள் ஒட்டிவைத்தேன். உள்ளே ஒரே இருட்டு, எழுத்து எங்கே தெரியும்? முகமூடியைத் தூக்கித் தூக்கிப் படித்தேன். பக்கத்தில் மற்றவர்கள் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள், அந்த வெளிச்சமெல்லாம் என் வெறும் கண்ணில் அடித்தது. பரீட்சைக்கு முந்தின நாள் முழுக்க இதே கூத்து. மறுநாள் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். கம்ப்யூட்டரைப் பார்த்தாலே கண்ணீர் கொட்டியது. தெரிந்த கேள்விகூடத் தெரியவில்லை. "மூளையும் உருகிப்போச்சாடா?" என்று விஷயம் தெரிந்ததும் பட்டறை மேஸ்திரி கத்தினார். கண் இப்போது சரியாகிவிட்டது, பயப்படாதே.

விசா ஆபீசுக்குப் போய்க் கெஞ்சினேன். காலில் விழாத குறை. "ரூல்ஸை மாத்த முடியாது சார், அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிவிட்டார்கள்.

நீ வந்துவிடு என்று சொல்லலாமென்றால், விமானமே ஏறக் கூடாது என்கிறார் உன் டாக்டர். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. போன தடவை நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தும் நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தத் தடவை நானும் இல்லாமல்... வேண்டாம், எழுத மாட்டேன்.

உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். லேசாக வலித்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு. அவர்களோடு பேச்சுவார்த்தை இல்லை என்று வீம்பு பிடிக்காதே. என் நம்பரை அவர்களிடம் இன்றே கொடுத்துவை.

அவர்கள் போன் செய்யும்போது, முதலில் நீ எப்படி இருக்கிறாய் என்று சொல்லச் சொல். குழந்தையைப் பற்றி நான் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நன்றாயிருக்க வேண்டும்,
உன் முரடன்