மாவுக்கட்டும் மாமாவின் குஸ்குஸும்

அன்பு மகள் இப்திஸாமுக்கு,

கர்கனாத் தீவிலிருந்து அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அப்பாவும் சுகம். என் முழங்காலையும் அவர் காதையும் மட்டும் இதில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளை ஸுஹைரும் அந்த மான்ட்ரியால் பனியில் சளி பிடிக்காமல் இருக்க துஆ செய்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. உன் படிப்புக்காக மாப்பிள்ளை இங்கே இருந்த வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்தார், சமைக்கிறார், உன் கோட்டைக்கூடத் தேய்த்து வைக்கிறார், அவர் நல்லது செய்யச் செய்ய உனக்கு எரிச்சலாக வருகிறது, என் மனசு கெட்டுப்போய்விட்டதா அம்மா என்று கேட்டிருந்தாய். இதைப் பக்கத்து வீட்டு நஜியாவிடம் சொன்னால் உன்னை விட்டுவிட்டு மாப்பிள்ளையைத் தன் மகளுக்குக் கேட்பாள், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மனசு கெடவில்லை மகளே. உன் மப்ரூக் மாமா வீட்டில் நடந்ததைக் கேள்.

மாமா படகிலிருந்து இறங்கும்போது பாசியில் வழுக்கிக் கால் எலும்பை முறித்துக்கொண்டார் என்று போன கடிதத்தில் எழுதினேன். தொடை வரை மாவுக்கட்டு. ஷத்லியா மாமிதான் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், அவருக்குப் பதிலாகக் கடலில் இறங்கிப் பேய்க்கணவாய் பிடிக்கப் போட்ட பானைகளையும் இழுத்து வந்தாள். ஆரம்பத்தில் என் அண்ணன் வருகிறவர்களிடமெல்லாம் இவளைப் போல உண்டா என்று உருகினார். பிறகு சூப்பில் உப்பு அதிகம், தலையணை கல்லாக இருக்கிறது, கதவை ஏன் இப்படிச் சாத்துகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பியது. ஒருநாள் அவருக்குப் பிடிக்குமே என்று காலையிலிருந்து நின்று பேய்க்கணவாய் போட்ட குஸ்குஸ் செய்து கொண்டுபோயிருக்கிறாள், உன்னை யார் செய்யச் சொன்னது என்று தட்டைத் தள்ளிவிட்டார். மாமி ஒரு பையில் துணியை அள்ளிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதுவரை அவள் அழுது நான் பார்த்ததில்லை. "திட்டுறதுகூடப் போகட்டும் வஸீலா, என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கிறாரு. வேற எவளையோ நெனச்சுட்டு இருக்காரோ" என்றாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு எவளிடம் நொண்டிப் போவார் என்று கேட்டதற்கும் அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கோபமாகத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பெண்டாட்டியைத் துரத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் திட்டித் தீர்த்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "அவ செய்யச் செய்ய நான் சின்னவனாயிட்டே போறேன் வஸீலா. பதிலுக்கு ஒரு தம்ளர் தண்ணி மொண்டு குடுக்க முடியல. அவ ஒரு தப்புப் பண்ணினாலாவது எனக்கு நிம்மதியா இருக்கும்."

அதை அப்படியே மாமியிடம் வந்து சொன்னேன். உருகுவாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு, இவ்வளவுதானா என்று கேட்டு எழுந்து போனவள், ரவைத் தாம்பாளத்தையும் மாவையும் சல்லடையையும் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். "ஒடிஞ்சது காலுதானே. உருட்டுங்க" என்றாளாம். ஆம்பிளை குஸ்குஸ் உருட்டி இந்தத் தீவில் யார் பார்த்தது? அவர் முனகிக்கொண்டே தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். பொடி மணியாக வர வேண்டியது முதல் தடவை கொண்டைக்கடலை அளவில் வந்தது. மாமி அதை ஆவியில் வைத்து, அவர் எதிரிலேயே உட்கார்ந்து கடித்து மென்று, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார் என்று சொல்லும்போது மாமிக்கு இந்த வயதிலும் வெட்கம்.

விஷயம் காபிக் கடைக்கு எட்டி, உடம்பு விசாரிக்கிற சாக்கில் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். காலிலும் மாவு கையிலும் மாவு என்று ஒருவர் கிண்டல் செய்ய, உன் வீட்டில் உன்னை நம்பி மாவைக் கொடுப்பார்களா என்று மாமா திருப்பிக் கொடுத்தார். இப்போது கட்டைப் பிரித்தாயிற்று, கடலுக்கும் போகிறார், ஆனால் சல்லடையை மட்டும் விட மாட்டேன் என்கிறார். மாமி உருட்டுவது ஒரே அளவாக இல்லையாம். அந்த மாதங்களில் யார் அதிகம் பாடுபட்டது என்று இரண்டு பேரும் இன்னமும் சண்டை போடுகிறார்கள். என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள், அடுப்பில் ரொட்டி தீய்கிறது என்று ஓடி வந்துவிட்டேன்.

ஆகவே மகளே, மாப்பிள்ளை மேல் குற்றம் தேடாதே. வாங்கிக்கொண்டே இருப்பதும் பாரம்தான், பெண்ணுக்கும் அப்படித்தான். பனியில் வண்டி ஓட்டப் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தாயே, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நீ ஓட்டு, சும்மா இருக்கச் சொல். மாமா என்னிடம் சொன்னதை மாமியிடமே சொல்லியிருந்தால் ஒரு பை துணியாவது கசங்காமல் இருந்திருக்கும். நீயும் எனக்கு எழுதியதை அவரிடமே சொல். கடிதத்தைக் காட்டாதே, வாயைத் திறந்து சொல்.

காய்ந்த பேய்க்கணவாய் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். நன்றாக ஊறவைத்து நீயே சமை, மாப்பிள்ளை சமையலறைப் பக்கம் வந்தால் விரட்டு. உங்கள் வீட்டில் அல்லாஹ் பரக்கத்தையும் சிரிப்பையும் குறையாமல் வைக்கட்டும். தபால் நிலையத்துக்கு உன் அப்பாதான் இதை எடுத்துப் போகிறார். இந்த வீட்டில் எல்லா வேலையும் நான்தான் செய்கிறேன் என்று இனி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பார், நானும் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

உன் அன்பு அம்மா,
வஸீலா